புத்தகம் இருக்கட்டும், முதலில் அந்த உப்பு டப்பாவை எடுத்து வையுங்கள்

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். கணவருக்கு 47 வயது, போன வருடம் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.9, ரத்த அழுத்தமும் உண்டு. மாமனாருக்கு 76, சிறுநீரக நோய் மூன்றாம் நிலை, கடைசி ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் கொஞ்சம் கூடுதல் என்றார் டாக்டர். மகளுக்கு 17, மூன்று மாதமாக வீகன், பால் தயிர்கூடத் தொடுவதில்லை. நான் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்துதான் சமைக்கிறேன். இதுவரை ஆறு புத்தகம் வாங்கிவிட்டேன், மூன்று தமிழ், மூன்று ஆங்கிலம், அதில் ஒன்று கணவர் வாங்கிய கீட்டோ, மாவுச்சத்தை அறவே குறைக்கச் சொல்லும் புத்தகம். ஒன்று தினமும் கீரை சாப்பிடு என்கிறது, இன்னொன்று கீரையே கூடாது என்கிறது. ஒரு புத்தகத்தில் படித்து, இரண்டு வாரமாக வீட்டில் எல்லாருக்கும் சோடியம் குறைந்த உப்புதான் போடுகிறேன். எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்.

பதில்: வணக்கம். புத்தகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். இதைப் படித்து முடித்ததும் சமையலறைக்குப் போய் அந்த உப்பு டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று போட்டிருக்கும், சிலவற்றில் 508 என்ற எண் மட்டும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பவை பெரும்பாலும் சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேர்த்தவை. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல மாற்றம்தான், இங்கே அரசாங்கமே அப்படிப்பட்ட உப்புக்கு மாறச் சொல்லி ஊக்குவிக்கிறது. ஆனால் சிறுநீரகம் சோர்ந்து, ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருக்கும் 76 வயதுப் பெரியவருக்கு அது ஆபத்து. பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும், பல சமயம் முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டாது.

இன்றிலிருந்து மாமனாரின் சாப்பாட்டில் அது வேண்டாம். பழைய உப்பையே போடுங்கள், குறைவாகப் போடுங்கள். நாளைக்கே அவர் டாக்டரைப் பார்க்கும் மருந்தகத்தை (கிளினிக்கை) கூப்பிட்டு, இரண்டு வாரமாக இந்த உப்பு சாப்பிட்டார் என்று சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையைச் சீக்கிரம் செய்யச் சொல்வார்கள். நெஞ்சு படபடப்போ கைகால் தளர்ச்சியோ தெரிந்தால் நாளை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடிந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த வகை மருந்துகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கணவருக்கும் ரத்த அழுத்தம் இருப்பதால் அவருக்கு இந்த உப்பு சரியா என்று அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் போடலாம்.

உங்கள் மேல் தப்பே இல்லை. அந்தப் புத்தகத்தின் மேலும் இல்லை என்றுதான் சொல்வேன். ரத்த அழுத்தத்துக்கு எழுதிய புத்தகம் ரத்த அழுத்தத்துக்குச் சரியாகத்தான் சொன்னது, உங்கள் வீட்டில் இன்னொரு நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் கேட்ட அந்த 'ஒரே ஒரு புத்தகம்' கிடையாது என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். கீரை விஷயமும் அப்படியே. சர்க்கரைக்காரருக்கு எழுதியவர் தினமும் சாப்பிடு என்கிறார், பொட்டாசியம் கூடியவருக்கு எழுதியவர் வேண்டாம் என்கிறார், இரண்டும் சரி. அட்டையில் நோயின் பெயரைப் பார்த்து வாங்குகிறவரைக்கும் உங்கள் அலமாரியில் இந்தச் சண்டை ஓயாது.

இப்போது அந்த ஆறு புத்தகங்களையும் மேசையில் பரப்பி, கீட்டோவிலிருந்து ஆரம்பியுங்கள். கணவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடியும் மாத்திரை என்றால், மாவுச்சத்தை ஒரேயடியாக வெட்டும் சாப்பாடு கூடாது. ரத்தத்தில் கீட்டோ அமிலம் ஏறி ஆளை மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆகிவிடலாம், அந்த நேரத்தில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. இன்சுலினோ, கிளிப்பிசைடு போன்ற மாத்திரையோ என்றால் ஆபத்து எதிர்ப்பக்கம், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மாவுச்சத்தைக் குறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தமிழில் பேலியோ என்ற மாவுச்சத்து குறைந்த உணவுமுறைக்கென்றே வரிசையாகப் புத்தகங்கள் வந்துவிட்டன, படித்து எடை குறைத்தவர்களை எனக்கே தெரியும். மருந்தை மாற்றியமைக்க டாக்டர் கூடவே இருந்தால் சரி. சாப்பாட்டை மட்டும் மாற்றிவிட்டு மாத்திரையை அப்படியே விழுங்குவதுதான் கூடாது. எத்தனை நாளில் சர்க்கரை ஓடிப்போகும் என்று அட்டையிலேயே கெடு சொல்லும் புத்தகம் ஏதாவது அந்த ஆறில் இருந்தால், அதைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்து அந்த மூன்று தமிழ்ப் புத்தகங்கள். நான் பார்க்காத புத்தகங்கள், ஆனாலும் ஒரு சோதனை சொல்கிறேன். இனிப்பு என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கான லட்டு என்று போட்டு, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் என்று அள்ளிக் கொட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தை எழுதியவர் குளுக்கோமீட்டரை ஒருநாளும் கையில் எடுத்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் வேறு, ரத்தத்துக்குள் போனதும் எல்லாம் சர்க்கரையே. கேழ்வரகும் அப்படித்தான் ஏமாற்றும். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை எப்போதும் என் மேசையில் கிடக்கும், 528 உணவுப் பொருள்களைச் சோதித்து எண்ணோடு போட்டிருக்கிறார்கள். அதில் 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம், தீட்டிய பச்சரிசியில் சுமார் 78. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கேழ்வரகில் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் அதை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். களி, அடை, ரொட்டி என்றால் பரவாயில்லை, அதுவும் அளவோடு. சிறுதானியப் புத்தகம் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இது. சொன்னால் கொஞ்சம் கோபப்படுவார்கள்.

ஆங்கிலப் புத்தகங்களில் பிரச்சினை வேறு. அவற்றில் ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு சோடியம் என்று ஒவ்வொரு குறிப்பின் கீழும் கட்டம் போட்டிருப்பார்கள், அது பெரிய வசதி. ஆனால் அவர்கள் சொல்லும் கப் வேறு. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, உங்கள் ரைஸ்குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் 180 மில்லி. பழைய தமிழ்ப் புத்தகம் என்றால் ஆழாக்கு, படி, பலம் என்று அது இன்னொரு உலகம். கப்பைக் கப் என்று நம்பிச் சமைத்தால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு தப்பிப் போகும், அப்புறம் புத்தகத்தில் சொன்னபடிதானே செய்தேன், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று குழம்புவீர்கள். அடுத்த புத்தகத்துக்கு வைத்திருக்கும் காசில் ஒரு சமையல் தராசு வாங்குங்கள். முஸ்தபாவிலோ எந்தப் பேரங்காடியிலோ கிடைக்கும். ரைஸ்குக்கர் கப் ஒன்று தலைதட்டி அளந்தால் சுமார் 150 கிராம் அரிசி, அதில் மாவுச்சத்து 115 கிராமுக்கு மேல். அதை இரண்டு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 58 கிராம் போல வரும். கணவர் மட்டுமே ஒரு கப் அரிசிச் சோறு சாப்பிடுகிறாரா என்று ஒருநாள் நிறுத்துப் பாருங்கள். அரிசியை மாற்றுவதாக இருந்தால் தாய்லாந்து மல்லிகை அரிசியைவிட பாஸ்மதி நல்லது, அதில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் கூடுதல் என்பதால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். ஆனால் பாஸ்மதிதானே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கதை முடிந்தது.

சரி, எந்தப் புத்தகம்? கணவருக்காக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெளியிடும் சமையல் புத்தகங்களில் ஒன்றைப் பாருங்கள். அதில் இருக்கும் சமையல் நமக்கு ஒத்துவராது. அடுப்பில் வாட்டிய கோழியும் சாலட்டும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? ஆனால் மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிடும் கணக்கை அதிலிருந்து கற்றுக்கொண்டு, உங்கள் இட்லிக்கும் தோசைக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் பிறகு எந்தச் சாதாரணச் சமையல் புத்தகமும் உங்களுக்குச் சர்க்கரைப் புத்தகம்தான். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படத்தைப் பலதுறை மருந்தகச் சுவரில் பார்த்திருப்பீர்கள், பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு பருப்போ மீனோ கோழியோ. அதுவும் இதே கணக்கைத்தான் தராசு இல்லாமல் சொல்கிறது. ஆனால் அந்தத் தட்டு மாமனாருக்கு அப்படியே பொருந்தாது.

மாமனாருக்குப் புத்தகமே வாங்க வேண்டாம். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, சிறுநீரகச் சமையல் புத்தகங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் பல புத்தகங்கள் டயாலிசிஸ் செய்கிறவரையும் செய்யாதவரையும் ஒரே அட்டைக்குள் போட்டுவிடுகின்றன. இருவருக்கும் புரதக் கணக்கு நேர்மாறு. டயாலிசிஸுக்கு முன் புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்வோம், டயாலிசிஸ் ஆரம்பித்ததும் கூட்டிச் சாப்பிடச் சொல்வோம். அப்புறம், பதிப்பு ஆண்டையும் பாருங்கள். அமெரிக்கச் சிறுநீரக உணவு வழிகாட்டுதல் 2020இல் புதுப்பிக்கப்பட்டது. சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தத்தில் தங்கிவிடும் பாஸ்பரஸை எண்ணை மட்டும் வைத்துப் பார்க்காமல் அது எதிலிருந்து வருகிறது என்றும் பாருங்கள் என்பது அதில் வந்தது. பருப்பிலும் தானியத்திலும் இருக்கும் பாஸ்பரஸை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்வதில்லை, பாக்கெட் உணவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் அநேகமாக முழுதும் உள்ளே போய்விடும். அதற்கு முந்தைய பல புத்தகங்கள் பருப்பையே தொடாதே என்று விரட்டின, சாம்பார் இல்லாமல் எங்கள் தாத்தாக்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதே மாதிரி, முட்டை மஞ்சள் கருவைப் பேயைப்போல் பயமுறுத்தும் புத்தகம் என்றால் அது பெரும்பாலும் 2015க்கு முந்தியது. 2015-2020க்கான அமெரிக்க உணவு வழிகாட்டுதலில்தான் ஒருநாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பு போனது.

அவருக்குத் தேவை அவருடைய ரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் ஒரு ஆள். மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ உணவியல் நிபுணரைப் பார்க்க டாக்டரிடம் பரிந்துரை கேளுங்கள். போகும்போது ஒரு வாரம் அவர் சாப்பிட்டதை எழுதி எடுத்துப் போங்கள், காப்பிக்கடையில் உங்களுக்குத் தெரியாமல் சாப்பிட்டதையும் சேர்த்து.

அதுவரைக்கும் ஒரு விஷயம். நம் வீடுகளில் காய் வெந்த தண்ணீரைக் கீழே ஊற்றவே மாட்டோம், அதில்தான் சத்து இருக்கிறது என்று ரசத்தில் சேர்ப்போம், எல்லாச் சமையல் புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது. மாமனாருக்கு வேண்டாத சத்து அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கோ சேனையோ செய்வதென்றால் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிடுங்கள், பொட்டாசியத்தில் ஒரு பெரும் பங்கு அதோடு போய்விடும். இளநீர் வேண்டாம். நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூடக் கூடாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போனவர்கள் உண்டு.

இப்போது ஏழு மணி அடுப்புக்கு வருவோம், உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று பேருக்கு மூன்று சமையல் செய்யாதீர்கள், ஒரு மாதத்தில் நீங்களே நோயாளி ஆகிவிடுவீர்கள். ஒரே சமையலைக் கடைசியில் பிரியுங்கள். பருப்பு உப்பில்லாமல் வேகட்டும். முட்டைக்கோஸ், பீன்ஸ், சுரைக்காய், புடலங்காய் மாதிரிப் பொட்டாசியம் குறைந்த காயாகப் பார்த்துப் பொது சாம்பார் வையுங்கள், தக்காளியையும் புளியையும் குறைத்துக்கொள்ளுங்கள், தாளிப்பு நெய்யில் வேண்டாம், எண்ணெயில். அதுவே மகளுக்கும் ஆச்சு. கொதித்ததும் மாமனாரின் பங்கை எடுத்துச் சிட்டிகை உப்போடு தனியாக வைத்துவிட்டு, மீதிக்கு உங்கள் அளவில் சாதாரண உப்பு. கணவருக்குச் சோறு அளந்து, அதே சாம்பார், பக்கத்தில் ஒரு பெரிய கரண்டி கீரைப் பொரியல், தாவ்குவா (கெட்டி சோயாக் கட்டி) வறுவல். மாமனாருக்கு வெள்ளைச் சோறே போதும், கைக்குத்தல் அரிசி வாங்கி அவரைச் சித்திரவதை செய்ய வேண்டாம், அதில் பொட்டாசியம் கூடுதல். உப்பு குறைந்த குறையை மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை, இறக்கும்போது கொஞ்சம் எலுமிச்சை, இவற்றை வைத்துச் சமாளிக்கலாம். ஊறுகாயும் அப்பளமும் மேசைக்கே வர வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே அதில் பாதிக்குக் கிட்ட வந்துவிடும்.

மகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், நம் சமையல் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான், சுண்டலும் அடையும் வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இல்லை. அவளுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் அவளே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் பின்பக்கச் சொல்லடைவில், செடிகொடி உணவில் கிடைக்காத வைட்டமினான பி12 என்று தேடுங்கள். மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் நல்ல புத்தகம். ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியிலும் புளித்த மாவிலும் கிடைத்துவிடும் என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடச் சொல்லுங்கள். சோயாப் பால் வாங்கும்போது கால்சியம் சேர்த்ததா என்று பார்த்து வாங்கட்டும்.

இன்னும் புத்தகம் படிக்க ஆசை இருந்தால், அந்த ஆசையை நான் தடுக்க மாட்டேன், என் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் அவைதான். நார்த்பாயிண்ட்டில் இருக்கும் ஈசூன் நூலகத்துக்குப் போங்கள். சமையல் புத்தகங்கள் 641.5 என்ற எண்ணில் இருக்கும், நோய்க்கான சமையல் 641.563, உணவுச் சத்து பற்றியவை 613.2. எண்ணைத் தெரிந்து போனால் நேராக அலமாரிக்கே போய்விடலாம், வேண்டியது அங்கே இல்லையென்றால் வேறு கிளையிலிருந்து வரவழைக்கலாம். மூன்று வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள். அந்த மூன்று வாரத்தில் ஒரு புத்தகத்திலிருந்து நான்கு குறிப்பாவது செய்யவில்லை என்றால் அது படம் பார்க்கும் புத்தகம், வாங்க வேண்டாம். பொருள்களில் பாதி தேக்காவிலோ உங்கள் வீட்டுக்கடியில் இருக்கும் கடையிலோ கிடைக்காதவை என்றாலும் வாங்க வேண்டாம்.

நோய்ப் புத்தகமே இல்லாமல் எனக்குப் பிடித்தவை இரண்டு சொல்கிறேன். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951இல் வந்தது. நெய்யும் தேங்காயும் தாராளமாகப் போகும், சத்துக் கணக்கு எதுவும் இருக்காது, ஆனால் கூட்டு வேறு, பொரித்த குழம்பு வேறு என்று கைப்பிடித்துச் சொல்லித்தருகிறது. சமைக்கத் தெரிந்தவர்தான் எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் கெட்டுப்போகும் என்று முடிவு பண்ண முடியும். இன்னொன்று சமின் நோஸ்ரத் 2017இல் எழுதிய 'சால்ட் ஃபேட் ஆசிட் ஹீட்'. உப்பு, கொழுப்பு, புளிப்பு, சூடு என்று நாலே விஷயத்தில் சமையலைப் பிரித்துச் சொல்கிறார். அவர் கை உப்பில் ரொம்பத் தாராளம், அதை நம்பிப் போடாதீர்கள். ஆனால் புளிப்பு என்ற பகுதியைப் படித்துவிட்டு மாமனாரின் பீன்ஸ் பொரியலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து பாருங்கள்.

மருந்தகத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கணவரின் மாத்திரைப் பெயரையும் சேர்த்து.